ரிக்ரூட்டரிடம் கேட்க வேண்டியது வேறு, நீங்கள் கேட்பது வேறு

கேள்வி: சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நான்கரை வருடமாக ஆட்டோமேஷன் டெஸ்டிங் (மென்பொருளைப் புரோகிராம் எழுதிச் சோதிப்பது) செய்கிறேன். சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 8 லட்சம், நோட்டீஸ் (ராஜினாமாவுக்குப் பிறகு வேலை பார்க்க வேண்டியது) 90 நாள். ஒரு கன்சல்டன்சியிலிருந்து ரிக்ரூட்டர் அழைத்து, ஒரு ப்ராடக்ட் கம்பெனிக்கு என் ப்ரொஃபைலை அனுப்புவதாகவும், இன்டர்வியூவுக்கு அவரே ‘ப்ரிப்பேர்’ செய்வதாகவும் சொல்கிறார். இவரை எவ்வளவு நம்பலாம்? இவரை வைத்து எப்படித் தயாராவது?

நம்பலாம். எதில் நம்புவது, எதில் நம்பக் கூடாது என்று மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியில் எத்தனை ரவுண்டு, யார் எடுப்பார்கள், முன்னால் போனவர்கள் எந்த இடத்தில் கழன்றார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது. செலீனியத்தில் (வெப் டெஸ்டிங் டூல்) என்ன படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் ‘டெக்னிக்கலா என்ன படிக்கட்டும் மேடம்?’ என்று அவருக்குத் தெரியாததைத்தான் கேட்கிறார்கள். அவரும் ஜேடியை (வேலை விவரக் குறிப்பு) எடுத்து அப்படியே படித்துக் காட்டிவிட்டு ‘ஆல் த பெஸ்ட்’ சொல்லி வைத்துவிடுவார்.

முதலில் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். கம்பெனியின் சொந்த எச்ஆர் பிரிவில் சம்பளத்துக்கு இருக்கும் ரிக்ரூட்டர் ஒரு வகை. உங்களை அழைத்தவர் இரண்டாம் வகை, கன்சல்டன்சிக்காரர். நீங்கள் வேலையில் சேர்ந்தால் கம்பெனி அந்தக் கன்சல்டன்சிக்குக் கட்டணம் தரும். நம் ஊரில் வழக்கமான கணக்கு வருட சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதுவும் நீங்கள் சேர்ந்த பிறகுதான். சேர்ந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் இலவசமாக வேறு ஆள் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தும் பொதுவாக இருக்கும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: வேலை பெரிய கம்பெனியில், பேரோல் (சம்பளப் பட்டியல்) மட்டும் இடையில் ஆள் தரும் வெண்டாரிடம். முதல் அழைப்பிலேயே ‘பேரோல் யாருடையது?’ என்று கேட்டுவிடுங்கள். ‘க்ளையண்ட் சைட்ல தான் சார் வேலை’ என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

கல்யாணத் தரகரைப் போல இரு வீட்டுக்கும் பேசுகிறவர், ஆனால் கூலி ஒரு வீட்டில்தான். எனவே ஆஃபர் வரும் வரை அவருடைய நன்மையும் உங்கள் நன்மையும் ஒன்றாகவே போகும். நீங்கள் தேறினால்தான் அவருக்குக் காசு, ஆகவே உண்மையாகவே உதவுவார். பிரிவது இரண்டு இடங்களில்: சம்பளம், சேரும் தேதி. அவற்றைப் பின்னால் பார்க்கலாம்.

ப்ரொஃபைல் போவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, தயாரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. கம்பெனி பெயர், ரோல், இடம், ஜேடி நான்கையும் மெயிலில் வாங்குங்கள். ‘இந்த ரோலுக்கு என் ப்ரொஃபைலை அனுப்பச் சம்மதம்’ என்று அதே மெயிலில் பதில் போடுங்கள். சிலர் நீங்கள் சம்மதிக்கும் வரை கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் நேரடியாக வெப்சைட்டில் போய் விண்ணப்பித்துவிடுவீர்களோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பெயர் தெரியாமல் சம்மதம் சொல்லாதீர்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாக உங்கள் ரெஸ்யூம் போய்ச் சேர்ந்தால், யாருக்குக் கட்டணம் என்ற சண்டையில் சிக்காமலிருக்க எச்ஆர் இரண்டையும் ஓரம் கட்டிவிடுவது சாதாரணமாக நடக்கும். முன்பு அதே கம்பெனியில் இன்டர்வியூ கொடுத்துத் தவறியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பல கம்பெனிகளில் மறுபடி எடுக்க மூன்று மாதம், ஆறு மாதம் என்று இடைவெளி வைத்திருப்பார்கள். மறைத்தால் சிஸ்டத்தில் உங்கள் மெயில் ஐடியோ பான் எண்ணோ அடித்த நொடியில் தெரிந்துவிடும்.

அடுத்தது, பலர் கேட்காமலே விடுவது: ‘கம்பெனிக்கு அனுப்பின ரெஸ்யூமோட காப்பியை எனக்கும் அனுப்புங்க.’ கன்சல்டன்சிகள் ரெஸ்யூமை அப்படியே அனுப்புவது குறைவு. உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு, அவர்கள் லோகோவைப் போட்டு, தங்கள் டெம்ப்ளேட்டில் ஊற்றுவார்கள். அந்த ஊற்றலில்தான் வினை. ஜேடியில் ‘பிளேரைட்’, ‘ஜென்கின்ஸ்’, ‘ஏபிஐ டெஸ்டிங்’ என்று வேறு டூல்களும் திறன்களும் இருந்தால், ஷார்ட்லிஸ்ட் ஆகட்டுமே என்று ஸ்கில்ஸ் வரியில் அந்த மூன்றும் நுழைந்திருக்கும். ‘செலீனியம் 4.5 வருடம்’ என்று நீங்கள் எழுதியதற்குப் பக்கத்தில் ‘பிளேரைட் 2 வருடம்’ என்று இருக்கும். எல்1 (முதல் டெக்னிக்கல் ரவுண்டு) பேனலில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஒரிஜினலைப் பார்க்கவில்லை, இதைத்தான் பார்க்கிறார். முதல் கேள்வியே பிளேரைட்டில் வரும், நீங்கள் முழிப்பீர்கள், ‘ரெஸ்யூம் ஃபேக்’ என்று ஒரு குறிப்பு ஏறும். அந்தக் குறிப்பு ஏறுவது ரிக்ரூட்டர் பெயரில் அல்ல, உங்கள் பெயரில். காப்பி வாங்கி, சேர்க்கப்பட்ட வரிகளை நீக்கச் சொல்லி மெயில் போடுங்கள். கற்றுக்கொண்டிருக்கும் விஷயமானால் ‘அடிப்படை அறிமுகம்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஷார்ட்லிஸ்ட் ஆனதும் அழைப்பு வரும்: ‘சார், ப்ரொஃபைல் செலக்ட் ஆயிடுச்சு, நாளைக்கு நாலு மணிக்கு எல்1 போட்டுடட்டுமா?’ உடனே சரி சொல்லாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று வேலை நாள் கழித்து நேரம் கேளுங்கள். அதற்கு முன் அவரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்றும் ரிக்ரூட்டரிடம் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம்தான் ரிக்ரூட்டரிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சரக்கு முழுவதும்.

அதில் கேட்க வேண்டியவை. மொத்தம் எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம். எடுப்பவர் டெஸ்டிங் லீடா, டெவலப்பரா, மேனேஜரா. டெவலப்பர் எடுத்தால் ஜாவா கலெக்‌ஷன்ஸிலும் கோடிங்கிலும் ஆழமாகப் போவார், டெஸ்ட் லீட் எடுத்தால் ஃப்ரேம்வொர்க்கைக் குடைவார். கோடிங் உண்டென்றால் உங்கள் ஐடிஇயில் (கோடு எழுதும் மென்பொருள்) ஸ்க்ரீன் ஷேர் செய்தா, அல்லது ஆட்டோ-கம்ப்ளீட் இல்லாத ஆன்லைன் எடிட்டரிலா. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இன்டெல்லிஜே போன்ற ஐடிஇயின் துணையில் நான்கு வருடம் ஓட்டியவர்கள் வெறும் எடிட்டரில் ஒரு ஹேஷ்மேப்பைச் சுற்றி வர லூப் எழுதத் தடுமாறுவது வாடிக்கை. இந்த இடம் புதிதா, யாராவது விட்டுப்போன இடமா என்றும் கேளுங்கள். விட்டுப்போன இடமானால் அவர் செய்துகொண்டிருந்த வேலைதான் இன்டர்வியூவின் பாடத்திட்டம். ஜேடியில் பன்னிரண்டு வரி இருந்தால், ஹையரிங் மேனேஜர் வாயால் சொன்னது எந்த மூன்று வரி என்று கேளுங்கள். ஜேடி பெரும்பாலும் பழைய ஜேடியை வெட்டி ஒட்டியது. ரிக்ரூட்டருக்குக் கிடைத்த போன் விளக்கம்தான் அசல்.

இவை எல்லாவற்றையும் விட ஒரு கேள்வி முக்கியம். ‘இந்த ரோலுக்கு இதுவரைக்கும் நீங்க அனுப்பினவங்க எந்த ரவுண்ட்ல நின்னாங்க? பேனல் என்ன ஃபீட்பேக் கொடுத்தாங்க?’ பெயர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டே கேளுங்கள். பொதுவாக ‘இன்டர்வியூ எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் ‘ஈஸியாதான் சார் இருக்கும்’ என்று வரும். குறிப்பாக, கடைசியாகப் போன ஆள் எதனால் நின்றார் என்று கேட்டால் தன் எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்துச் சொல்வார். அவரிடம் அந்த ஷீட் இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே ஒரு ஃபீட்பேக் பத்தி இருக்கும்.

அந்தப் பத்தியில் வரும் சொற்கள் ஒரு தனி மொழி. ‘கம்யூனிகேஷன் இஷ்யூ’ என்று இருந்தால் ஆங்கில இலக்கணம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது இல்லை. கேட்டதற்குப் பதில் நான்காவது நிமிடத்தில்தான் வந்தது என்று அர்த்தம். முதல் வாக்கியத்தில் பதில், பிறகு விளக்கம் என்று பழகினால் இதில் பாதி தீர்ந்துவிடும். ‘டெப்த் இல்லை’ என்றால் முதல் கேள்விக்குப் பதில் வந்தது, ‘ஏன்?’ என்று இரண்டாவதாகக் கேட்டபோது நின்றுவிட்டது. ‘ஹேண்ட்ஸ்-ஆன் இல்லை’ என்றால் ஆள் எல்லாவற்றுக்கும் ‘நாங்க பண்ணினோம்’ என்றே சொல்லியிருக்கிறார், ‘நான் இதை எழுதினேன்’ என்று ஒன்றையும் காட்டவில்லை. ‘ஸ்டெபிலிட்டி’ என்றால் ஒன்றரை வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறியிருக்கிறார், அதற்குக் காரணம் ஒழுங்காகச் சொல்லவில்லை. ‘ஓவர் குவாலிஃபைட்’ என்பதற்குப் பெரும்பாலும் பட்ஜெட் என்று பொருள். மூன்று பேர் ‘டெப்த் இல்லை’ என்று நின்றிருந்தால் நீங்கள் புதிதாக இருபது தலைப்பு படிக்க வேண்டியதில்லை, தெரிந்த ஐந்தில் மூன்றடுக்கு ‘ஏன்’ வரை போனால் போதும்.

சில ரிக்ரூட்டர்கள் முந்தைய கேள்விகளைத் தொகுத்து பிடிஎஃப்பாக அனுப்புவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், எந்த அளவில் கேட்கிறார்கள் என்று பார்க்க உதவும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க அது உதவாது. அந்தத் தொகுப்பு சுற்றுகிறது என்பது பேனலுக்கும் தெரியும். மனப்பாடப் பதில் வந்தால் உடனே ஒரு எண்ணையோ நிபந்தனையையோ மாற்றிக் கேட்பார்கள்.

இனி, அவரோடு ஒத்திகை பார்க்கக்கூடியவை மூன்றே மூன்று: அறிமுகம், ஏன் மாறுகிறீர்கள், சம்பளமும் நோட்டீஸும். டெக்னிக்கல் ஒத்திகைக்கு உங்கள் துறையில் இரண்டு வருடம் மூத்த நண்பரைப் பிடியுங்கள்.

அறிமுகம் 90 வினாடி. போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை மூன்றரை நிமிடம் வரும், ஊர், கல்லூரி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் எல்லாம் உள்ளே இருக்கும். நான்கரை வருட அனுபவத்துக்குப் பிறகு கல்லூரிக்கு ஒரு வரி போதும், அதுவும் கடைசியில். தொடக்கம் இப்போது செய்யும் வேலையில் இருக்கட்டும்: எந்தத் துறைக்கான அப்ளிகேஷன், டீமில் எத்தனை பேர், அதில் நீங்கள் எது, என்ன டூல், என்ன மாற்றிக் காட்டினீர்கள்.

உதாரணமாக ஒன்று: ‘வங்கிக் கடன் விண்ணப்பங்களுக்கான வெப் அப்ளிகேஷன். எட்டுப் பேர் டீமில் டெஸ்டர்கள் இருவர். செலீனியம், ஜாவா, டெஸ்ட்-என்ஜி ஃப்ரேம்வொர்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். 600 ரிக்ரெஷன் கேஸ் ஒரே வரிசையில் ஓடிக்கொண்டிருந்ததை பேரலலாக மாற்றி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவந்தேன்.’ கேட்க நன்றாக இருக்கிறது. ரிக்ரூட்டரும் ‘சூப்பர் சார்’ என்பார். பேனல் விடாது. ஒரு கேஸ் சராசரி எத்தனை நிமிடம்? மூன்று நிமிடம் என்றால் 600 கேஸுக்கு 1,800 நிமிடம், 30 மணி நேரம். மூன்று மணி நேரத்தில் முடிய பத்து த்ரெட்டாவது (ஒரே நேரத்தில் ஓடும் வரிசை) வேண்டும். பத்து த்ரெட்டில் ஓட்டினால் டிரைவர் ஆப்ஜெக்ட் ஒன்றோடொன்று மோதாமல் எப்படிப் பார்த்தீர்கள்? அங்கே ‘த்ரெட்-லோக்கல்’, அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி டிரைவர், என்று வர வேண்டும். ஒரே டெஸ்ட் டேட்டாவை இரண்டு கேஸ் ஒரே நேரத்தில் திருத்தினால்? காரணமில்லாமல் அவ்வப்போது ஃபெயில் ஆகும் கேஸ்களை என்ன செய்தீர்கள்? ‘த்ரெட்-ஸ்லீப் போட்டேன்’ (இத்தனை வினாடி சும்மா நில் என்பது) என்றால் கதை முடிந்தது. எக்ஸ்ப்ளிசிட் வெயிட், அதுவும் எந்த நிபந்தனைக்கு என்று சொல்ல வேண்டும். ஆக அறிமுகத்தில் எந்த எண்ணைச் சொல்கிறீர்களோ, அந்த எண் கணக்குப் போட்டால் நிற்க வேண்டும். உங்கள் நண்பரிடம் அறிமுகத்தைச் சொல்லி, அதிலிருந்து மட்டும் பத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எல்1 இன்டர்வியூவில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும்.

‘ஏன் மாறுகிறீர்கள்’ என்பதற்கு ரிக்ரூட்டர் வழக்கமாகச் சொல்லித் தருவது, ‘சேலரின்னு சொல்லாதீங்க, கரியர் க்ரோத்னு சொல்லுங்க.’ பாதி சரி. சம்பளத்தை முதல் காரணமாக வைக்க வேண்டாம். ஆனால் ‘கரியர் க்ரோத்’ என்பது அன்றைக்கு வந்த பத்துப் பேரும் சொன்ன பதில். ஜேடியிலிருந்தே காரணத்தை எடுங்கள்: ‘இப்போதைய ப்ராஜெக்டில் யூஐ மட்டும்தான். ஏபிஐ டெஸ்டிங்கும் பைப்லைனும் வேறு டீமிடம் இருக்கிறது. இந்த ரோலில் இரண்டும் ஒரே ஆளிடம்.’ ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சில் இருந்தால் அதையும் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், அங்கே போக வேண்டும் என்பதும் நல்ல காரணமே, அந்த வேலை கோயம்புத்தூரில் இருந்தால். பழைய மேனேஜரைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாம்.

இப்போது சம்பளம். இங்கேதான் ரிக்ரூட்டரின் கணக்கு பிரிகிறது. 12 லட்சத்தில் நீங்கள் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். நீங்கள் போராடி 13 லட்சமாக்கினால் உங்களுக்கு வருடம் ஒரு லட்சம் கூடும், அவர்களுக்குக் கூடுவது 8,330 ரூபாய். போராட்டத்தில் டீல் உடைந்தால் அவர்களுக்குப் போவது முழு ஒரு லட்சமும். எனவே ‘இதுக்கு மேல கேட்டா ஹோல்டுல போட்டுடுவாங்க சார்’ என்பது உண்மையாகவும் இருக்கலாம், அவசரமாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி, உங்கள் எண்ணைச் சொல்வதற்கு முன்பே ‘இந்த ரோலுக்கு அப்ரூவ் ஆன பட்ஜெட் என்ன?’ என்று கேட்பது. முதல் அழைப்பில், உங்கள் ப்ரொஃபைல் தேவைப்படும் நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

இப்போதைய சம்பளத்தைச் சொல்வதானால் உண்மையாகச் சொல்லுங்கள், ஃபிக்ஸடும் வேரியபிளும் (செயல்திறனைப் பொறுத்து வரும் பகுதி) தனித்தனியாக. எச்ஆர் ரவுண்டில் கடைசி மூன்று மாத பேஸ்லிப், சில இடங்களில் ஃபார்ம் 16-ம் பேங்க் ஸ்டேட்மெண்டும் கேட்பார்கள். ரிக்ரூட்டர் ‘ஒம்பதுன்னு சொல்லிக்கலாம்’ என்றால் மறுத்துவிடுங்கள். எட்டு என்று ஆதாரம் வரும்போது ஆஃபரே போகலாம்.

எதிர்பார்க்கும் எண்ணைச் சொல்லுமுன் கையில் வரும் தொகையைப் போட்டுப் பாருங்கள். சிடிசி 12 லட்சம், அதில் வேரியபிள் 10 சதவீதம், பேசிக் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் 1,20,000 வருடக் கடைசியில்தான், அதுவும் முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. பேசிக் 4,80,000-க்குக் கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், 57,600. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 23,088. இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு 12,000. இவற்றைக் கழித்தால் 9,87,312, மாதம் 82,276. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 4,800, தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 போக, கைக்கு வருவது 77,000 சொச்சம். புதிய வரி முறையில் 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால் இந்தத் தொகையில் டிடிஎஸ் வராது. ‘12 லட்சம்னா மாசம் ஒரு லட்சம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் மாதம் விழிப்பவர்கள் நிறையப் பேர். சில கம்பெனிகள் பிஎஃப்பை 15,000 உச்சவரம்பில் மாதம் 1,800 மட்டும் பிடிக்கும். அங்கே கையில் கூடுதலாக வரும், சேமிப்பு குறையும். கிராஜுவிட்டியை சிடிசிக்குள் காட்டும் இடமும் உண்டு, வெளியே வைக்கும் இடமும் உண்டு. ஆகவே ரிக்ரூட்டரிடம் ‘எனக்கு ஃபிக்ஸட் 11 வேணும்’ என்று ஃபிக்ஸடில் பேசுங்கள். வெறும் சிடிசியில் பேசினால் ஜாயினிங் போனஸ், வேரியபிள், இன்சூரன்ஸ் எல்லாம் போட்டு எண்ணை ஊதிக் காட்டிவிடலாம்.

நோட்டீஸ் பீரியட் அடுத்த இழுபறி. ‘30 நாள்னு சொல்லிடுங்க சார், ஆஃபர் வந்தப்புறம் பேசிக்கலாம்’ என்பார். அவருக்கு வேண்டியது ஷார்ட்லிஸ்ட். மாட்டிக்கொள்வது நீங்கள். முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸை விலைக்கு வாங்கும் (பையவுட், அதாவது குறையும் நாட்களுக்குப் பணம் கட்டி முன்பே விலகும்) உரிமை உங்களுக்கு என்று எழுதியிருக்கிறதா, ‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ என்று எழுதியிருக்கிறதா? இரண்டாவது என்றால் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் மேனேஜர் விடாவிட்டால் முடியாது, ரிலீவிங் லெட்டர் சிக்கும். குறையும் நாட்களுக்குப் பிடிப்பது பேசிக்கிலா, மொத்தச் சம்பளத்திலா என்பதையும் பாருங்கள். பேசிக் என்றால் தாங்கலாம், மொத்தம் என்றால் இரண்டு மாதத்துக்குப் பெரிய தொகை. பிறகு ரிக்ரூட்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: ‘அஃபீஷியலா 90 நாள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்பேன், உறுதி கொடுக்க முடியாது. பையவுட் தொகையைப் புது கம்பெனி திருப்பித் தருமா?’ தருகிறார்கள் என்றால் அது ஆஃபர் லெட்டரிலோ எச்ஆர் மெயிலிலோ வர வேண்டும், ரிக்ரூட்டரின் வாட்ஸப்பில் அல்ல.

இன்டர்வியூ நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் சேராதீர்கள். டீம்ஸ் உங்கள் ஆபீஸ் கணக்கிலேயே திறந்து, கம்பெனி பெயரோடு உங்கள் பெயர் தெரியும், கண்காணிப்பு வேறு. ஆள் மாறி உட்காரும் மோசடி பெருகியதால் கேமரா கட்டாயம், பல இடங்களில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள், பக்கத்தில் வைத்திருங்கள். பேனல் வரவில்லையென்றால் பதினைந்து நிமிடம் லாபியில் காத்திருந்து, ஸ்க்ரீன்ஷாட்டோடு ரிக்ரூட்டருக்குச் செய்தி போடுங்கள். ‘கேண்டிடேட் நோ-ஷோ’ என்று உங்கள் மேல் பதிவாகாமல் இருக்க அதுதான் காப்பு. சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கம் சனிக்கிழமை நேரடி டிரைவ் என்றால் உங்கள் ஸ்லாட் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். எல்லாரையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நான்கு மணிக்கு எல்2 நடப்பது உண்டு.

முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கேட்ட கேள்விகளை எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகு ரிக்ரூட்டரை அழையுங்கள். எது நன்றாகப் போனது, எங்கே தடுமாறினீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். எல்2-வுக்கு முன் ‘ஏபிஐ பக்கம் கொஞ்சம் பலவீனம், ஆனா மத்தது ஸ்ட்ராங்’ என்று எச்ஆரிடம் அவர் எடுத்துப் பேச அது தேவை. நீங்கள் சொன்ன கேள்விகள் அவருடைய பிடிஎஃப்பில் ஏறி அடுத்த ஆளுக்குப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ப்ராஜெக்ட் ரகசியமோ, பேனலில் இருந்தவர் பெயரோ அதில் வேண்டாம். வேறு கம்பெனியில் ஆஃபர் இருந்தால் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, எவ்வளவு என்பதை எச்ஆர் ரவுண்டு வரை கையில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒரு செய்தி, அடுத்த வாரம் இன்னொன்று. ‘ஃபீட்பேக் வந்துதா?’ என்று கேட்டால் ‘இன்னும் வரல சார்’ என்று முடிந்துவிடும். ‘எல்1 ரிசல்ட் சிஸ்டத்தில் அப்டேட் ஆகிவிட்டதா, அடுத்த ஸ்லாட் எப்போது?’ என்று கேளுங்கள், பார்த்துச் சொல்ல வேண்டி வரும். அதன் பிறகும் மௌனம் என்றால் வேறு ஆளுக்கு ஆஃபர் போயிருக்கிறது, அவர் சேருவாரா என்று பார்க்க உங்களைக் காத்திருப்பில் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மற்ற இன்டர்வியூக்களைத் தொடருங்கள். 90 நாள் நோட்டீஸ் இருக்கும் சந்தையில் ஆஃபர் வாங்கியவர்கள் கடைசி வாரத்தில் வேறு இடம் போவது சகஜம். இரண்டு மாதம் கழித்து அதே ரிக்ரூட்டர் திடீரென்று அழைப்பதற்கும் அதுதான் காரணம்.

சில விஷயங்களில் பேச்சே வேண்டாம், விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், ட்ரெய்னிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும். இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால். இன்டர்வியூவில் உங்களுக்குப் பதில் ஆள் பேசுவார் என்றால். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால். அனுபவச் சான்றிதழை யாரும் அச்சடிக்கலாம். பிஎஃப் யூஏஎன்னில் (உங்கள் பிஎஃப் அடையாள எண்) எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது வரிசையாக நிற்கும், பிஜிவி (பின்னணிச் சரிபார்ப்பு) ஏஜென்சி முதலில் பார்ப்பது அதைத்தான். வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ அனுப்பும் ஏஜென்ட் மட்டும் வேறு கணக்கு. 1983-ம் வருட எமிக்ரேஷன் சட்டப்படி பதிவு பெற்றவர் வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வரை வாங்கலாம். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இந்த வேலையைச் செய்கிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ரிக்ரூட்டர் அழைத்து, ‘சார், கங்க்ராட்ஸ், செலக்ட் ஆயிட்டீங்க, இன்னைக்கே பேப்பர் போட்டுடுங்க’ என்பார். அன்றைக்குப் போடாதீர்கள். ‘செலக்டட்’ என்ற மெயிலும் ஆஃபர் லெட்டரும் ஒன்றல்ல, எல்ஓஐ (எடுத்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொல்லும் கடிதம்) என்று வருவதும் ஆஃபர் லெட்டர் அல்ல. கம்பெனியின் சொந்த மெயில் டொமைனிலிருந்து ஆஃபர் லெட்டர் வர வேண்டும். அதில் பதவி, இடம், சேரும் தேதி, ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் நின்றால் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். போனில் பேசிய எண்ணும் லெட்டரில் இருக்கும் எண்ணும் வேறுபட்டால், ரிக்ரூட்டரைக் காப்பியில் வைத்து எச்ஆருக்கே மெயில் போடுங்கள். சேரும் தேதியில் உங்கள் 90 நாள் அடங்குகிறதா என்று எண்ணிப் பார்த்து, ஆஃபரை ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பி, அதற்கு மறுநாள் ராஜினாமா மெயில் போட்டால் போதும்.